டாலஸ் பக்கம் வர்றீங்களா? வீட்டு லீஸ்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கார் இன்சூரன்ஸ் கோட் (எவ்வளவு ஆகும்னு கம்பெனி சொல்ற விலை) எடுங்க

புதுசா வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான். அபார்ட்மென்ட் பிடிச்சிருந்தா அதோட ஜிப் கோடைக் குறிச்சுக்கிட்டு வந்து, அந்த ஜிப் கோடுக்கு கார் இன்சூரன்ஸ் எவ்வளவுன்னு ரெண்டு மூணு கம்பெனியில பாருங்க. அப்புறம் லீஸ் போடுங்க. இங்க கார் ராத்திரி எங்க நிக்குதுங்கறது பெரிய கணக்கு. அந்தப் பகுதியில எவ்வளவு விபத்து, எவ்வளவு திருட்டு, எவ்வளவு க்ளெய்ம்னு பார்த்துத்தான் பிரீமியம் போடுவாங்க. அதே கார், அதே டிரைவர், பக்கத்துல இருக்கற பிளேனோவுக்கு ஒரு விலை வரும், டாலஸ் ஊருக்குள்ள வேற விலை வரும்.

அதுக்காக விலை குறைவா வருதேன்னு நண்பர் வீட்டு அட்ரஸைக் கொடுக்காதீங்க. நான் வந்த புதுசுல நண்பர் வீட்டுல தங்கி அந்த அட்ரஸ்லயே பாலிசி எடுத்தேன். தனியா வீடு மாறி நாலு மாசம் ஆகியும் மாத்தல. அந்த நேரத்துல ஒரு க்ளெய்ம் வந்திருந்தா பணமே தராமப் போயிருக்கலாம்னு பிறகு ஏஜென்ட் சொன்னப்போ வயித்தைக் கலக்கிடுச்சு.

அடுத்து, ஆலங்கட்டி மழைக்கு எந்த கவரேஜ் வேணும்னு பார்ப்போம். டெக்சாஸ் சட்டப்படி லயபிலிட்டி மட்டும் இருந்தாப் போதும். 30/60/25ன்னு சொல்வாங்க: அடிபட்ட ஒருத்தருக்கு 30 ஆயிரம் டாலர், ஒரு விபத்துல எல்லாருக்கும் சேர்த்து 60 ஆயிரம், அடுத்தவங்க பொருளுக்கு 25 ஆயிரம். கவனிங்க, எல்லாமே அடுத்தவங்களுக்கு. உங்க காருக்கு ஒரு பைசா கிடையாது. கடன்ல கார் வாங்கினா பேங்க்கே முழு கவரேஜ் எடுக்கச் சொல்லிடும். ரொக்கம் கொடுத்து பழைய கேம்ரி வாங்கறவங்கதான் மாட்டிக்கறோம். நானும் அப்படித்தான். ரெண்டாவது வருஷம் ஏப்ரல்ல ஒரு சாயங்காலம் எலுமிச்சம்பழம் சைஸுக்கு ஐஸ்கட்டி பத்து நிமிஷம் கொட்டுச்சு. பானட் முழுக்க டொக்கு, முன்கண்ணாடி விரிசல். கண்ணாடியை என் காசுல மாத்தினேன், டொக்கை அப்படியே விட்டுட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட காம்ப்ரிஹென்சிவ் (மோதல் இல்லாத மத்த சேதத்துக்கான கவரேஜ்) இருந்தது. டிடக்டிபிள் (நாம கையிலிருந்து போட வேண்டிய முதல் தொகை) மட்டும் கட்டினார், மிச்சத்தை கம்பெனி பார்த்துக்கிச்சு.

ஆலங்கட்டி மழை, வெள்ளம், புயல், திருட்டு, மரம் விழறது எல்லாம் காம்ப்ரிஹென்சிவ்லதான் வரும். மோதினாத்தான் கொலிஷன். கொலிஷன் இல்லாமலே காம்ப்ரிஹென்சிவ் மட்டும் சேர்க்க முடியுமான்னு கேளுங்க, பல கம்பெனி தருவாங்க, விலையும் ரொம்ப ஏறாது. மார்ச்சுக்கு முன்னாடி எடுத்துடுங்க. ஹூஸ்டன் பக்கம் போறவங்க இன்னும் முந்திக்கணும். கடல்ல புயல் கிளம்பிட்டா புது கவரேஜ் எழுதறதையே நிறுத்தி வெச்சிடுவாங்க. 2017 ஹார்வி புயல்ல லட்சக்கணக்கான கார் தண்ணியில மூழ்குச்சு. அப்படி மூழ்கின கார்கள் சுத்தம் பண்ணி வேற ஊர்ல விலைக்கு வரும். பழைய கார் வாங்கறதுக்கு முன்னாடி என்ஐசிபி (NICB, இன்சூரன்ஸ் மோசடியைத் தடுக்கற அமைப்பு) தளத்துல வின் நம்பரை, அதாவது காரோட அடையாள எண்ணை, போட்டுப் பாருங்க, இலவசம்தான்.

கிரெடிட் ஸ்கோரும் (கடனை எப்படிக் கட்டறோம்ங்கறதுக்கான மதிப்பெண்) இங்க பிரீமியத்தைத் தொடும். கலிபோர்னியா, மாசசூசெட்ஸ், ஹவாய்ல அதைப் பார்க்கக் கூடாது. டெக்சாஸ்ல பார்க்கலாம். புதுசா வந்த நமக்கு ஸ்கோர் இன்னும் ஏறியிருக்காது, அதனால முதல் வருஷ விலையைப் பார்த்து பயப்படாதீங்க. ஸ்கோர் ஏறினதும் மறுபடி கோட் எடுங்க.

படையில இருக்கறவங்களுக்கு கார் இன்சூரன்ஸ்ல தர்ற ராணுவ சலுகை பத்தி ஒரு தம்பி கேட்டிருந்தார், அப்பா இந்திய ராணுவத்துல இருந்தவராம். இல்லப்பா, இது அமெரிக்கப் படையில இருக்கறவங்களுக்கும் இருந்தவங்களுக்கும்தான். ஆனா நமக்குச் சம்பந்தமே இல்லைன்னு தள்ளிடாதீங்க. கிரீன் கார்டு இருந்தாலே படையில சேரலாம். 2008-ல அறிவிச்ச மாவ்னி திட்டத்துல, விசாவுல இருந்தவங்களையே மொழிக்காகச் சேர்த்தாங்க, அந்த மொழிப் பட்டியல்ல தமிழும் இருந்தது. 2016-ல ஆள் எடுக்கறதை நிறுத்திட்டாங்க. அப்படிச் சேர்ந்தவங்க, அவங்க கணவன் மனைவி, பிள்ளைங்க யுஎஸ்ஏஏ (USAA) இன்சூரன்ஸ் கம்பெனியில கேட்டுப் பாருங்க. 1922-ல சான் அன்டோனியோவுல ராணுவ அதிகாரிகள் 25 பேர் தங்களுக்காக ஆரம்பிச்ச நிறுவனம் அது, இன்னிக்கும் படைக் குடும்பங்களுக்குத்தான். கைகோ (GEICO) இன்சூரன்ஸ் கம்பெனியில 15 சதவீதம் வரைக்கும் குறைப்பாங்க. லூசியானாவுல படைப் பணியில இருக்கறவங்களுக்கு 25 சதவீதம் குறைக்கணும்னு சட்டமே இருக்கு. நாமளா கேட்டாத்தான் பல இடத்துல சேர்ப்பாங்க.

எந்த ஊரு, என்ன கார், எந்த வருஷ மாடல்னு கீழே எழுதுங்க. எந்த கவரேஜ் அவசியம்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.