மாங்குளம் குடும்பம் குழு: பிரதிநிதி விண்ணப்பம்

சின்னவள், காலை 6:42
நான் ஜப்பானில ஒரு வருஷம் மொழி படிச்ச பல்கலைக்கழகம் இலங்கைக்கு ஒரு பழைய மாணவர் பிரதிநிதியை எடுக்குது. கட்டுரை, 90 செக்கன் வீடியோ, பரிந்துரைக் கடிதம் ஒண்டு. மே 15 இரவு 11:59 வரைக்கும் நேரம். தெரிவானா இஞ்சத்தைப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுற திட்டத்தோட கட்டுரையைப் போட்டிருக்கிறன், பாருங்கோ.

பெரியக்கா, 6:50
அந்த 11:59 ஜப்பான் நேரமோ எண்டு முதல்ல பார். அவை எங்களுக்கு மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. அப்பிடியெண்டா இஞ்ச 8:29க்கே முடிஞ்சிடும். 14ஆம் திகதியே ஏத்திவிடு.

பெரியக்கா, 7:04
வாசிச்சன். முதல் ரெண்டு பந்தியும் சகுராப் பூவும் கோயிலும். பிள்ளை, தெரிவு செய்யிறவைக்குத் தங்கட ஊர் தெரியும். அதை ரெண்டு வரியாக்கு: மொழியில எந்த மட்டத்தில போனனி, எந்த மட்டத்தில வந்தனி.

"வன்னி மாணவரிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவேன்" எண்டதையும் வெட்டு. அதைப் பிடிச்சு உனக்குப் புள்ளி போட ஏலாது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு, எந்த மாதம், பஸ் காசு எவ்வளவு எண்டு எழுது.

மாமி ரீச்சர், 7:11
நேர அதிபரிட்டப் போகாத. வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் குடுத்து அனுமதி எடு. துணுக்காய் வலயத்துக்கு ஒண்டு, வவுனியா வடக்குக்கு வேற ஒண்டு. தவணைப் பரீட்சை கிட்டினா ஒருத்தரும் பாடவேளை தரமாட்டினம். ஒரு நாளைக்கு ரெண்டு பள்ளிக்கூடம் எண்டு போட்டிருக்கிறாய், அது நடக்காது. மல்லாவியில முடிச்சு மாங்குளத்தில பஸ் மாற முன்னம் மற்றப் பள்ளிக்கூடம் விட்டிடும்.

அண்ணா, 7:20
மூண்டாம் பந்தியில பெரிய பிழை. "உயர்தரப் பிள்ளைகளை இந்தப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க வைப்பேன்" எண்டு எழுதியிருக்கிறாய். ஜப்பானியக் கல்வி அமைச்சின்ர அந்த ஒரு வருஷ மொழிப் புலமைப்பரிசில், ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில ஜப்பான் மொழி படிக்கிறவைக்கு. திட்டத்தையே விளங்காத ஆள் எண்டு நினைப்பினம்.

சின்னவள், 7:22
அப்ப பள்ளிக்கூடத்தில என்னத்தைச் சொல்லுறது?

அண்ணா, 7:31
பாதையைச் சொல்லு. உயர்தரத்தில ஜப்பான் மொழி ஒரு பாடம். களனியிலயும் சப்ரகமுவவிலயும் பட்டப்படிப்பில படிக்கலாம். புலமைப்பரிசில் அதுக்குப் பிறகு.

அது 10 நிமிசம். மிச்ச 30 நிமிசமும் மொழி. கரும்பலகையில ஒண்டுக்குக் கீழ ஒண்டா எழுது:
நான் பள்ளிக்கூடத்துக்குப் போறன்
வத்தாஷி வா கக்கோ நி இகிமஸ்
எங்கட "க்கு" நிக்கிற இடத்தில அவையின்ர "நி". வினை ரெண்டிலயும் கடைசியில. தமிழ்ப் பிள்ளைக்கு இந்த மொழி கைக்கெட்டின தூரம் எண்டு அதிலயே விளங்கும். கட்டுரையிலயும் இதைப் போடு, உன்னாலதான் இதைச் செய்ய ஏலும்.

பெரியக்கா, 7:36
இதுதான் கட்டுரையின்ர உயிர். மேல கொண்டு வா.

இன்னொண்டு. பிரதிநிதி எண்டு தெரிஞ்சவுடன வேலை விசா கேட்டு ஆக்கள் வருவினம். முகவருக்கு ஆள் சேர்த்துக் குடுக்கமாட்டன், கேக்கிறவையை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர 1989 எண்ட போன் நம்பருக்கு எடுத்து முகவரின்ர அனுமதிப்பத்திரத்தைப் பார்க்கச் சொல்லுவன் எண்டு ஒரு வரி எழுது.

சித்தப்பா, 7:48
வீடியோ: போனைப் படுக்கப் பிடி. ஜன்னல் உனக்கு முன்னால இருக்கோணும், பின்னால இருந்தா முகம் கறுத்துப்போம். ஃபானை நிப்பாட்டு. உழவு மெசின் ரோட்டில இறங்க முன்னம் எடுத்து முடி. 90 செக்கனுக்கு 150 சொல்லுக்கு மேல எழுதாத, அவசரத்தில சொல்லைத் தின்னுவாய்.

அண்ணா, 7:55
சான்றிதழில உன்ர பேர் பாஸ்போர்ட்டில இருக்கிறமாதிரி, அப்பான்ர பேரோட கிடக்கு. படிவத்தில முதலெழுத்து மட்டும் போட்டிருக்கிறாய். எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்பு.

பெரியக்கா, 8:02
பரிந்துரைக் கடிதம் கேட்டு சென்செய்க்கு, உன்ர ஜப்பான் ஆசிரியருக்கு, இண்டைக்கே மெயில் போடு. ஏப்ரல் 29இலயிருந்து மே 5 வரை அங்க கோல்டன் வீக் எண்ட தொடர் விடுமுறை, பதில் வராது. திட்டத்தை ஒரு பக்கத்தில சேர்த்து அனுப்பு, இல்லாட்டி "நல்ல மாணவி" எண்டு பொதுவா எழுதிவிடுவார்.

சின்னவள், 8:05
சரி அக்கா. மாமி, வலயத்துக்கு எழுதுற கடிதத்தில மாதிரி ஒண்டு இருக்கோ?

மாமி ரீச்சர், 8:09
பள்ளிக்கூடம் விட்டு வந்து போடுறன். கீழ "பிரதி: அதிபர்" எண்டு எழுத மறக்காத.