சிட்னித் துறைமுகத்தின் வலைப்பாசி: ‘அழிந்தது’ என்று எழுத எத்தனை முறை தேடியிருக்க வேண்டும்?

கரைவலை கேட்டது:

ஐ.யூ.சி.என். என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ‘அழிந்தது’ என்ற முத்திரையோடு நிற்கும் கடற்பாசி வான்வூர்ஸ்டியா பென்னெட்டியானா. ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகத்தில் மட்டுமே கிடைத்த சிவப்புப்பாசி இது. 2003-ல் அந்த முடிவு வந்தது. புலியோ பறவையோ என்றால் ‘இனி இல்லை’ என்று சொல்வது புரிகிறது. கடலுக்கடியில் கையளவே வளரும் ஒரு பாசியை அப்படிச் சொல்ல எது ஆதாரம்? கண்ணுக்குத் தெரியாத நிலையில் எங்காவது பாறையில் ஒட்டிக்கொண்டிருக்காதா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் ஒரு சிவப்புப்பாசிக்கு என்னிடம் இரண்டு பழைய பதிவுகள் உள்ளன, இரண்டும் உலர்த்தி ஒட்டிய தாள்கள். அதன்பின் நடந்த ஒரே கள ஆய்வில் அது கிடைக்கவில்லை. இதை எந்த வகையில் சேர்ப்பது? ‘மிக அருகிய இனம்’ என்று போட்டுவிடலாமா?

நீரோட்டம்:

முதலில் பென்னெட்டியானா. ஹார்வி என்ற ஐரிஷ் தாவரவியலாளர் 1855-ல் ஸ்பெக்டக்கிள் தீவருகே இதை எடுத்தார். அடுத்து கிடைத்த இடம் ஷார்க் தீவுக்கும் பாயின்ட் பைப்பருக்கும் நடுவே. இரண்டும் ஒரே துறைமுகத்துக்குள், ஏறத்தாழ 7 கிலோமீட்டர் இடைவெளியில். 1916-க்குப் பிறகு ஒருவர் கையிலும் சிக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் தன் 1994-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் கீழ் ‘அழிந்ததாகக் கருதப்படுவது’ என்று இதைச் சேர்த்திருக்கிறது. ‘கருதப்படுவது’ என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். சட்டம் ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

ஆதாரம் என்றால் மூன்று சேர்ந்து நிற்கின்றன. ஒன்று, வாழிடம் மாறிய விதம். ஸ்பெக்டக்கிள் தீவில் 1860-களில் வெடிமருந்துக் கிடங்கு எழுந்தது, பிறகு கரையை நிரப்பித் தீவையே பெரிதாக்கினார்கள். துறைமுகம் முழுக்கத் தூர்வாரல், கழிவுநீர், சேற்றுப்படிவு. பாறையின் மேல் மெல்லிய சேற்றுப் படலம் படிந்தாலே இந்த வகைப் பாசியின் வித்து ஒட்ட இடமிருக்காது. இரண்டு, சிட்னி கடல் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லாத ஊர். பாசி சேகரித்தவர்களும் முத்துக்குளிப்பதுபோல் மூழ்கிப் பார்த்தவர்களும் ஒரு நூற்றாண்டாக இருக்கிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம்: இந்தப் பாசியை வேறொன்றாக நினைத்துத் தாண்டிப் போவது கடினம்.

அதன் உடல் முழுக்க வலை. சிறு இலைத்துண்டுகள் வரிசை வரிசையாகக் கிளைத்து, நுனிகள் பக்கத்துத் துண்டோடு ஒட்டிக்கொண்டு, நெய்த கண்ணிகளாக ஆகிவிடும். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸில் பார்த்தால் ஏணிப்படிகளை அடுக்கிவைத்ததுபோல் இருக்கும். குழப்பம் வந்தால் மார்ட்டென்சியா என்ற இன்னொரு சிவப்புப்பாசியோடு வரும். அதிலும் வலை உண்டு, ஆனால் அடிப்பாகம் ஓட்டையில்லாத சவ்வாக இருந்து வெளிவிளிம்பில்தான் வலையாகும். நம் பக்கத் தொடர்பு ஒன்றும் உண்டு: வான்வூர்ஸ்டியா என்ற பேரினத்தையே ஹார்வி இலங்கையின் வெலிகமைக் குடாவில் எடுத்த பாசியை வைத்துத்தான் 1854-ல் நிறுவினார். அந்தப் பேரினத்தின் வேறு இனங்கள் வெப்பக்கடலில் இன்றும் இருக்கின்றன. போனது சிட்னியின் இனம்.

ஆழிவித்து:

‘கண்ணுக்குத் தெரியாத நிலை’ பற்றி. இந்தக் கேள்விக்கு எல்லாப் பாசிக்கும் ஒரே பதில் கிடையாது. வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நோரி செய்கிற போர்ஃபைராவை எடுத்துக்கொள்ளுங்கள். இலையாக இருப்பது வருடத்தில் சில மாதம்தான். மீதிக் காலம் சிப்பி ஓட்டைத் துளைத்து உள்ளே இழையாகக் கிடக்கும். அந்த இழையைத் தனி இனம் என்றே நினைத்திருந்தார்கள். 1949-ல் கேத்லீன் ட்ரூதான் இரண்டும் ஒன்று என்று காட்டினார். இப்படிப்பட்ட பாசியை இலை வடிவில் மட்டும் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுதினால் அது தப்பு.

வான்வூர்ஸ்டியா சேர்ந்த டெலசீரியேசியே குடும்பத்தில் அப்படி இல்லை. ஆண்-பெண் செடிகளும், நான்கு வித்துகளை விடும் தலைமுறையும் பார்வைக்கு ஒரே மாதிரி, ஒரே அளவு. மூன்றாவது தலைமுறை பெண் செடியின் மேலேயே சிறு கட்டியாக ஒட்டி வளர்கிறது. தனித்து ஒளிந்து வாழும் நுண்ணிய தலைமுறை கிடையாது. ஆகவே பெரிய உருவம் நூறாண்டு காணவில்லை என்றால் அதற்கு எடை அதிகம்.

இதற்கு எதிர்முனையில் கலாபகோஸ் தீவுகளின் டெஸ்மரெஸ்டியா டிராப்பிகா என்ற பழுப்புப்பாசி. 1982-83 எல் நினோவின்போது அங்கே நீர் சூடேறி, மேலெழும் குளிர்நீரும் ஊட்டச்சத்தும் நின்றுபோய், குளிர்நீர்ப் பாசிகள் பெரிய அடி வாங்கின. 2007-ல் கலாபகோஸின் 74 கடற்பாசிகள் சிவப்புப் பட்டியலில் ஏறின. அதில் 10 ‘மிக அருகியவை’. அவற்றில் சிலவற்றுக்கு ‘அழிந்திருக்கலாம்’ என்ற குறிப்பு மட்டுமே, ‘அழிந்தது’ அல்ல. டெஸ்மரெஸ்டியாவுக்கு நுண்ணிய தலைமுறை உண்டு. அதோடு ஆழம் இன்னொரு சந்தேகம். எய்சீனியா கலாபகென்சிஸ் என்ற கெல்ப் (பெரிய பழுப்புப்பாசி) வகை அதே தீவுகளில் 30 மீட்டருக்குக் கீழே அடர்ந்து வளர்வதை 2007-ல்தான் வெளியிட்டார்கள். மேல்நீரில் தேடியவர் கண்ணுக்குப் படாதது கீழே காடாக நின்றிருக்கிறது. இதற்குப் பிறகும் தயங்காமல் ‘அழிந்தது’ என்று போட யாருக்கு மனம் வரும்?

நீரோட்டம்:

ஆமாம். இன்னொன்றும் சேர்க்கிறேன், ஏனென்றால் சிட்னி என்றாலே இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். ஃபில்லோஸ்போரா கோமோசா என்ற பெரிய பழுப்புப்பாசி 1980-களில் சிட்னி நகரக் கரையோரம் சுமார் 70 கிலோமீட்டருக்குக் காணாமல் போனது. கழிவுநீரை ஆழ்கடலுக்குக் கொண்டுபோன பிறகும் தானாகத் திரும்பவில்லை. ஆனால் நகருக்கு வடக்கிலும் தெற்கிலும் அது செழிப்பாக இருந்தது. அங்கிருந்து முதிர்ந்த செடிகளை எடுத்துவந்து, பாறையில் ஆணியடித்த வலைப்பாயில் பிளாஸ்டிக் பட்டியால் கட்டி நட்டார்கள். சில இடங்களில் அவை வித்திட்டு அடுத்த தலைமுறையும் வந்தது. இது ஓரிட அழிவு. மீட்க முடிந்ததற்கு ஒரே காரணம், எடுக்க வேறு இடம் இருந்தது. பென்னெட்டியானாவுக்கு அந்த வேறு இடம் இல்லை.

தாள்_அழுத்தி:

இனி உங்கள் மன்னார் வளைகுடாப் பாசி. ‘மிக அருகியது’ என்று போடாதீர்கள், இப்போதைக்கு.

கணக்கு எங்கே ஏமாற்றும் என்று பாருங்கள். சிவப்புப் பட்டியல் விதிப்படி, வாழும் பரப்பை 2 × 2 கிலோமீட்டர் கட்டங்களை வைத்து எண்ண வேண்டும். இரண்டு பதிவு, இரண்டு கட்டம், ஆக 8 சதுர கிலோமீட்டர். ‘மிக அருகியது’ வகைக்கு வரம்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழ். உடனே கை பரபரக்கும். பரவல் எல்லையை, அதாவது வெளிப்புள்ளிகளை இணைத்தால் உள்ளே அடங்கும் பரப்பை, கோடு போட்டால் இரண்டு புள்ளிக்கு நடுவே பரப்பே வராது, பூஜ்யம். பரவல் எல்லை வாழும் பரப்பைவிடக் குறையக் கூடாது என்பது விதி, எனவே அதையும் 8 என்றே வைப்பீர்கள். இரண்டு எண்ணும் பொருந்திவிட்டதுபோல் தோன்றும். ஆனால் பரப்பு சிறியது என்பது மட்டும் போதாது. மூன்றில் இரண்டு நிபந்தனைகளையும் காட்ட வேண்டும்: ஒரே இருப்பிடம் அல்லது கடுமையாகத் துண்டுபட்ட நிலை, தொடர்ந்து குறைவது, உச்சகட்ட ஏற்ற இறக்கம். ‘இருப்பிடம்’ என்பதும் வரைபடத்துப் புள்ளி அல்ல, ஒரே அச்சுறுத்தல் ஒரே நேரத்தில் பாதிக்கக்கூடிய பகுதி. ஒரு கள ஆய்வில் கிடைக்கவில்லை என்பது குறைவுக்குச் சான்றாகாது. இந்த நிலையில் சரியான வகை ‘தரவு போதாது’. அதை ஏதோ தோல்விபோல் நினைக்கிறார்கள். அது நேர்மையான வகை. தேடல் பணம் எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் அதுதான்.

அந்த ஒரு ஆய்வு எந்த மாதம் நடந்தது? கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கலங்கிக் கிடக்கும், ஒரு முழத்துக்கு மேல் கண் தெரியாது. அப்போது தேடிய தேடலைத் தேடலாகவே எண்ண முடியாது.

எத்தனை முறை போக வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு. பாசி அங்கே இருக்கிறது என்று வைத்தால், ஒரு மூழ்கலில் அது கண்ணில் படும் வாய்ப்பு 0.3 என்க. தவறவிடும் வாய்ப்பு 0.7. எட்டு முறை மூழ்கியும் தவறும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல், ஒன்பதாவதில்தான் 4 ஆக இறங்கும். சிறிய, நிழலில் வளரும் பாசிக்கு 0.1 என்று வைத்தால் 29 மூழ்கல் வேண்டும். 29-ஐயும் ஒரே நாளில் முடித்தால் கணக்கு செல்லாது. வேறு மாதம், வேறு ஆழம், முடிந்தால் வேறு ஆள்.

வெறுங்கையோடு வந்த நாளையும் எழுதுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. தேதி, நீர்மட்டம் ஏற்றமா வற்றமா, ஆழம், பார்வைத்தூரம், எத்தனை பேர் எத்தனை நிமிடம், பார்த்த பாறையின் நீள அகலம். ‘கிடைக்கவில்லை’ என்ற ஒற்றைச் சொல்லை வைத்து இருபது வருடம் கழித்து யாரும் எதையும் சொல்ல முடியாது.

தீவுகளைச் சுற்றித் தேட வனத்துறை அனுமதி முன்கூட்டியே வேண்டும், அது தேசியப் பூங்கா. இன்னொன்று, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் எடுக்கிற ராமநாதபுரத்துப் பெண்களிடம் தாளைக் காட்டிக் கேளுங்கள். எந்தப் பாறையில் எந்த மாதம் என்ன வளரும் என்று அவர்களுக்குத் தெரிவதுபோல் வேறு யாருக்கும் தெரியாது. கட்டக்கோரைப் பாசிக்கு நடுவே எப்போதோ சிக்கிய உங்கள் சிவப்புப்பாசி அவர்கள் நினைவில் இருக்கலாம்.

கரைவலை:

மிக்க நன்றி. ஆய்வு ஆகஸ்டில் நடந்தது, ஆகவே பாதி பதில் கிடைத்துவிட்டது. ஒரு சந்தேகம்: பழைய தாள்களிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, பிறகு கடல்நீரை வடிகட்டி அந்த டி.என்.ஏ. இருக்கிறதா என்று பார்க்க முடியுமா? மூழ்கல் குறையுமே.

தாள்_அழுத்தி:

முடியும், நிபந்தனைகளோடு. தாளில் ஒட்டும் முன் ஃபார்மலினில் கிடந்த பாசி என்றால் பெரும்பாலும் வீண், அது டி.என்.ஏ.வைக் குறுக்கிக் கட்டிவிடும். நேரே உலர்த்தியதென்றால் துண்டு துண்டாக உடைந்த டி.என்.ஏ. கிடைக்கும், ஆகவே இனம் காணப் பயன்படும் ஆர்.பி.சி.எல். மரபணுவின் குட்டைப் பகுதிகளைத்தான் குறிவைக்க வேண்டும். பாசியின் மேல் ஒட்டிய டயாட்டம் என்ற நுண்பாசியும் மற்ற சிறு பாசிகளும் அதோடு பெருகி, தவறான இனத்தின் வரிசையைக் கொடுத்துவிடும். உருப்பெருக்கியின் கீழ் சுத்தமான துண்டை, 5 மில்லிமீட்டர் சதுரத்துக்கு மேல் போகாமல், வித்துறுப்பு இல்லாத இடத்திலிருந்து எடுங்கள். இருப்பது இரண்டே தாள் என்றால் முதலில் நல்ல படம், அளவுகோல் வைத்து. அதன்பிறகுதான் கத்தி. தொகுப்பு வைத்திருப்பவரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

கடல்நீரில் அந்த வரிசை வந்தால் ‘அருகில் எங்கோ இருக்கிறது’ என்று மட்டும் பொருள். வராவிட்டால் ஒரு பொருளும் இல்லை. மூழ்கல் குறையாது, எங்கே மூழ்குவது என்று தெரியும்.

ஆழிவித்து:

ஒருவேளை கிடைத்துவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முழுச் செடியையும் பிடுங்காதீர்கள், அடிப்பற்று பாறையிலேயே இருக்கட்டும். விரல்நகமளவு துண்டு ஒன்றை ஈரம் ஒற்றி, அதன் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் போடுங்கள், அது டி.என்.ஏ.வுக்கு. ஒரு கிளையைக் கடல்நீர் ஊற்றிய தட்டில் மிதக்கவிட்டு, அடியில் கெட்டித்தாளை நுழைத்து, தூரிகையால் விரித்து மெல்லத் தூக்குங்கள். மேலே பருத்தித் துணி, அதன்மேல் ஒற்றுத்தாள். ஒற்றுத்தாளை முதல் மூன்று நாள் தினமும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நல்ல தண்ணீரில் அலசவே வேண்டாம். மெல்லிய சிவப்புப்பாசியின் செல்கள் வெடித்து, நிறம் ஒழுகி, மறுநாள் காலையில் தாளில் ஆரஞ்சு நிறக் கறைதான் மிஞ்சும்.