காலில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம்: வலி போய்விட்டது, பழைய நடை வரவில்லை

திண்டுக்கல் தையல்காரர்:

வணக்கம். எனக்கு 61 வயது. நாற்பது வருடமாக மிதி மெஷினில் தையல். சர்க்கரை 14 வருடமாக இருக்கிறது. பீடியும் குடித்தேன், காலில் அடைத்த ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து ஸ்டென்ட் என்கிற கம்பி வலைக் குழாய் வைத்த நாளோடு விட்டாயிற்று.

வீட்டிலிருந்து கடை அரை கிலோமீட்டர்கூட இருக்காது. போன வருடம் அதற்குள் மூன்று இடத்தில் நிற்பேன். மாவு மில், பிள்ளையார் கோயில் திண்ணை, மெடிக்கல் ஷாப். இடது கெண்டைக்காலைப் பிடித்து முறுக்குகிற மாதிரி வலிக்கும், நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடும். வாயு என்று நினைத்துத் தைலம் தேய்த்தே ஒரு வருடம் போனது. கடைசியில் கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால் வகுத்துப் பார்த்தார்கள். 0.9க்குக் கீழே போனாலே அடைப்பு என்று அர்த்தமாம், எனக்கு 0.52. டாப்ளர் ஸ்கேனில் தொடை ரத்தக்குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. ஸ்டென்ட் வைத்த பிறகு 0.91.

கெண்டைக்கால் வலி இப்போது சுத்தமாக இல்லை. ஆனாலும் நான் பழையபடி ஆகவில்லை. ராத்திரியில் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல எரிகிறது. தெருமுனைக்குப் போனாலே உள்ளே இருக்கிற கம்பி நகர்ந்துவிடுமோ என்று பயம். மெஷினை மிதித்தால் மடங்கிவிடுமோ என்று அதையும் தொடவில்லை. மோட்டார் மாட்டித் தருகிறேன் என்கிறான் மகன். கடையையே மூடச் சொல்கிறாள் வீட்டுக்காரி. டாக்டர் "நல்லா நடங்க" என்றார். எவ்வளவு, எப்படி என்று கேட்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். இந்த வைத்தியம் செய்துகொண்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

நெல்லை கண்டக்டர்:

அண்ணாச்சி, ஸ்டென்ட் வைத்து நாலு வருடம் ஆகிறது எனக்கு. நீங்கள் எழுதிய பயம் அத்தனையும் எனக்கும் இருந்தது. முதல் மாதம் நாற்காலியை விட்டே எழவில்லை. குழாயைத் திறந்துவிட்டார்கள், ஆனால் வருடக்கணக்கில் ரத்தம் போதாமல் கிடந்த சதை நடந்தால்தான் தேறும். எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு பிசியோதெரபி தம்பி.

அவர் சொன்ன முறை இது. வலி தொடங்கியதுமே நிற்கக் கூடாது. ஓரளவு ஏறும் வரை நடக்க வேண்டும், அப்புறம் உட்கார்ந்து வலி முழுக்கப் போன பிறகு மறுபடி நடக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி முதல் முக்கால் மணி, வாரத்தில் மூன்று நாளாவது, குறைந்தது 12 வாரம். வலி வராதவர் சும்மா வேகமாக நடந்தால் போதும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துப் பக்கம் காலையில் போவேன். முதல் வாரம் மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்றாவது மாதம் ஒரு தடவைகூட இல்லை. உங்களுக்கு இருதயத் தொந்தரவு இருந்தால் மட்டும் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்.

மிதி மெஷினைப் பற்றி: ஸ்டென்ட் தொடை நடுவில் இருக்கிறதா, முழங்காலை ஒட்டி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஓயாமல் மடங்குகிற இடமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். போகும்போதே கேள்விகளைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள், பதில் வாங்காமல் எழாதீர்கள்.

அந்த மாவு மில், திண்ணை, மெடிக்கல் ஷாப் மூன்றையும் மறந்துவிட வேண்டாம். 14 மாதம் கழித்து எனக்குப் பழைய இடத்திலேயே பழைய வலி வந்தது. உடனே போனதால் மறுபடி ஒரு பலூனோடு முடிந்தது. கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்து மரத்துப்போனால் மட்டும் விடியட்டும் என்று இருக்காதீர்கள், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பல் பிடுங்குவதாக இருந்தாலும் சரி.

ஈரோட்டுப் பெண்:

ஐயா, என் அம்மாவுக்குக் காலில் பைபாஸ் செய்தார்கள், அடைப்பைச் சுற்றி ரத்தம் போக காலிலிருந்தே ரத்தக்குழாய் எடுத்து வைத்தது. அவருக்கும் இதே எரிச்சல். அடைப்பு போனால் எரிச்சலும் போய்விடும் என்று நம்பியிருந்தோம், ஏமாற்றமாக இருந்தது. சர்க்கரையால் நரம்பு கெடுவது தனி விஷயம், ரத்த ஓட்டம் வந்தாலும் அது இருக்கலாம் என்று பிறகுதான் சொன்னார்கள். அதற்குத் தனியாக மாத்திரை தந்தார்கள், பாதியாவது குறைந்தது. நீங்களும் இதைத் தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்கு உங்கள் பாதத்தைப் பற்றித்தான் கவலை. தையல் கடையில் ஊசியும் குண்டூசியும் கீழே கிடக்கும். மெஷின் மிதிக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவீர்கள்தானே? மரத்த காலில் ஊசி ஏறினால் தெரியாது. அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடத்தில் கொப்புளம் வந்ததே தெரியவில்லை, சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இப்போது தினமும் ராத்திரி கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறோம். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புதான். கோயிலுக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்கு முன்பே போய்வருகிறார். கோலம் மறுபடி அவர்தான் போடுகிறார், குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து.

திண்டுக்கல் தையல்காரர்:

கண்டக்டர் அண்ணன், தங்கச்சி, ரெண்டு பேருக்கும் நன்றி. சீட்டு எழுதிக்கொண்டு போனேன். ஸ்டென்ட் தொடை நடுவில்தான் இருக்கிறதாம், தாராளமாக மிதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். எரிச்சலுக்கும் மாத்திரை எழுதினார். தங்கச்சி சொன்னது மனதை உறுத்தவே, கடையில் மெஷினுக்கு அடியில் காந்தத்தை விட்டுத் துழாவினேன். பதினேழு குண்டூசி, ஒரு உடைந்த ஊசி. நாற்பது வருடம் வெறுங்காலோடு மிதித்த இடம் அது.

இன்று கடைக்கு நடந்தே போனேன். மாவு மில்லில் நிற்கவில்லை. திண்ணையில் வலி இல்லாமலே பழக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன், அப்புறம் எழுந்து போனேன். செருப்போடு மிதித்து ஒரு ரவிக்கை தைத்தேன். மிதிப் பலகை காலுக்குப் பிடிபடவில்லை, தையல் இரண்டு இடத்தில் ஓடிவிட்டது. பிரித்து வைத்திருக்கிறேன், நாளைக்குத் தைக்க வேண்டும்.