மறு: "லாக்": ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

வணக்கம். படம் பின்தங்கித் தடுமாறுவதை "லாக்" (lag) என்கிறோமே, அதற்கு நாம் தேடும் தமிழ்ச்சொல் பற்றிச் சென்னை நண்பர் எழுதியது:

> பின்னடைவு என்றே வைத்துவிடலாமே. புதிதாக எதற்கு?

சென்னை நண்பர் கோபிக்கக்கூடாது. பின்னடைவு என்றதும் எனக்குத் தேர்தல் முடிவு இரவுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் என் தயக்கத்துக்குப் பெரிய காரணம் வேறு. வீட்டுக் கணினியிலிருந்து விளையாட்டை நேரலையாக விடும் பிள்ளைகளை இந்த "லாக்" என்ற சொல்லே பிழையான இடத்தில் தேட வைக்கிறது. அதற்கு ஈடாக ஒரே தமிழ்ச்சொல்லை வைத்தால் குழப்பத்தையும் சேர்த்துத்தான் மொழிபெயர்ப்போம்.

என் அக்காவின் மகன் கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் நான்காம் மாடியில் இருந்து இரவில் நேரலை விடுகிறவன். பார்ப்பவர்கள் முப்பது நாற்பது பேர், அதில் பாதி சொந்தக்காரர். போன மாதம் தொலைபேசி எடுத்தான்: "மாமா, சரியா லாக் அடிக்குது. லைன்காரருக்கு ஒருக்கா அடிச்சுச் சொல்லுங்கோ." அடித்தேன். அரை மணித்தியாலம் பாட்டுக் கேட்டேன். ரவுட்டரை நிறுத்திப் போடச் சொன்னார்கள், போட்டோம். பழையபடிதான். இப்படியே இரண்டு கிழமை போனது.

பிறகு ஒரு ஞாயிறு நானே போய்ப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். நேரலை விட அவன் பாவிக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் புள்ளிவிவரப் பெட்டி ஒன்று உண்டு, அவன் அதை ஒருநாளும் திறந்ததில்லை. திறந்தால் சட்டகக் கணக்கு (சட்டகம் என்பது ஃபிரேம், காணொளியின் ஒவ்வொரு படம்) மூன்று வரியில் கிடக்கிறது. காட்சியை வரைந்து முடிக்க முடியாமல் தவறிய சட்டகங்கள் ஒரு வரி. படத்தைச் சுருக்கிக் கொடுக்கும் குறியாக்கி (என்கோடர்) ஈடுகொடுக்க முடியாமல் தாண்டிய சட்டகங்கள் அடுத்த வரி. இணைய வழியில் அனுப்ப முடியாமல் கைவிட்ட சட்டகங்கள் மூன்றாவது. அவன் ஆட்டம் தொடங்கியதும் கைவிட்டவை பூச்சியத்தில் அப்படியே நின்றன. முதல் வரி மட்டும் கடகடவென்று ஏறியது. இரண்டு கிழமை நாங்கள் திட்டிய லைனில் ஒரு குற்றமும் இல்லை!

நடந்தது இதுதான். நொடிக்கு 60 சட்டகம் என்றால் ஒரு சட்டகத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. விளையாட்டுக்குச் சட்டக வரம்பு வைக்காமல் விட்டிருந்தான். அது வரைகலை அட்டையை முழுதாக விழுங்கிவிட்டது. ஓபிஎஸ்ஸும் தன் காட்சியை அதே அட்டையில்தான் அடுக்க வேண்டும். முறை வருவதற்குள் 16.7 போய்விடும். விளையாட்டுக்கு 60 என்று வரம்பு வைத்தோம். ஓபிஎஸ்ஸை நிருவாகி உரிமையோடு திறந்தோம், விண்டோஸ் 10இலிருந்து அப்படித் திறந்தால் அட்டையில் அதற்கு முன்னுரிமை கிடைக்கும். ஏறிக்கொண்டிருந்த எண் நின்றது. செலவு ஒன்றுமில்லை.

அதனால் என் முன்மொழிவு: பொதுச்சொல் பிந்தல். முதல் வகை வரைவுப் பிந்தல், இரண்டாவது குறியாக்கப் பிந்தல். மூன்றாவதைப் பிந்தல் என்றே சொல்லாமல் வழித்தேக்கம் என்போம். கலைச்சொல்லை நான் உரசிப் பார்ப்பது ஒரே கல்லில்தான்: அதை வினையாக்கி வாயால் சொல்ல வருமா? "வரைவு பிந்துது", "வழி தேங்குது". வருகிறது. "பின்னடைவு அடைகிறது" என்று பதினாறு வயதுப் பிள்ளை சொல்லமாட்டான்.

குறியாக்கப் பிந்தலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. யாரோ யூடியூப்பில் சொன்னதை நம்பி எக்ஸ்264 குறியாக்கியை மெதுவான முன்னமைவுக்கு (பிரீசெட்) மாற்றியிருந்தால் வரும். "வெரிஃபாஸ்ட்"டுக்குத் திரும்பினாலோ, என்விடியா அட்டை இருந்தால் அதிலேயே உள்ள என்வென்க் குறியாக்கியிடம் வேலையைக் கொடுத்தாலோ போய்விடும்.

வழித்தேக்கம் எங்கள் வீட்டில் பிறகு வந்தது, இரவு ஏழரைக்கு. அக்கா ரொறன்ரோவில் இருக்கும் மகளோடு வீடியோவில் கதைக்கும் நேரம் அது. ட்விட்ச் போன்ற நேரலைத் தளங்களுக்கு நேரலை போவது டிசிபி என்ற இணைய நெறிமுறை வழியாக. போய்ச் சேராததை அது திரும்ப அனுப்பும், அதனால் பின்னால் வரிசை நீளும். வரிசை அளவுக்கு மிஞ்சினால் ஓபிஎஸ் சட்டகங்களைக் கைவிடும். மாலை ஐந்தரைக்குக் காலி வீதியில் பஸ்ஸில் நின்றவர்களுக்குத் தேக்கம் என்ற சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. ரவுட்டர் வாசல் கதவுக்கு மேலே, கணினி கடைசி அறையில், நடுவே இரண்டு கொங்கிறீற்றுச் சுவர். அதோடு அயல்வீட்டு வைஃபை எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸில் வந்து விழுகிறது. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றுதான். பம்பலப்பிட்டியில் இருபது மீற்றர் கேபிள் வாங்கி, சுவரோரமாக ஆணியடித்து இழுத்தோம். பிட்வீதத்தை, அதாவது நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை, 6000 கிலோபிட்டிலிருந்து 4500க்கு இறக்கினோம். தேக்கம் வந்தால் பிட்வீதத்தைத் தானாகக் குறைக்கும் தெரிவொன்றும் ஓபிஎஸ்ஸில் இருக்கிறது, அதையும் போட்டோம். (6000 கிலோபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 2.7 கிகாபைட். பக்கேஜ் ஏன் இருபதாம் தேதியே முடிகிறது என்று அக்கா கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கும் அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.)

இனிச் சுணக்கம். அனுப்பியது போய்ச் சேர எடுக்கும் நேரமான "லேட்டன்சி"க்கு இதை வைக்கச் சொல்கிறேன். மறைநிலை என்று சிலர் எழுதுவது மறைவெப்பத்தை (லேட்டன்ட் ஹீட்) பார்த்துச் செய்த பிழை, விட்டுவிடுவோம். எங்கள் பக்கம் "ஏன் சுணங்கினனீ?" என்று கேட்காத வீடில்லை. சுணக்கம் வேறு, பிந்தல் வேறு. சேவையகம் சிங்கப்பூரில் என்று வைப்போம், கொழும்பிலிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீற்றர்தான் போகும். நேர்கோட்டில் கேபிள் போட்டாலும் போய்வர 27 மில்லிநொடி. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவே சாதனங்களும் உண்டு. உண்மையில் இன்னும் கூடும். எந்தக் கொம்பனும் இதைத் திருத்த முடியாது, தூரத்தின் விலை அது. பார்ப்பவருக்குப் படம் பத்து நொடி சுணங்கி வந்தாலும் வழுவழுவென்று ஓடும். பிந்தினால்தான் வெட்டி வெட்டி ஓடும். சுணக்கம் ஒரே அளவில் நிற்காமல் கூடிக் குறைந்தால் ("ஜிட்டர்") தளம்பல். அந்தச் சொல்லை நாணயமாற்றுக்காரர் ஏற்கெனவே பழக்கித் தந்துவிட்டார்கள்.

எதிராளி பார்த்துவிடக்கூடாதென்று நாமே வேண்டுமென்று நேரலையைத் தள்ளி விடுவதற்கு பிற்போடல் போதும்.

> "லாக்"குக்கு இழுவை என்று வைத்தால் என்ன தம்பி? சனம் "நெட் இழுக்குது" என்றுதானே சொல்லுது.

ஐயா, நீங்களே எனக்கு உயர்தர வகுப்பில் இழையின் இழுவை (டென்ஷன்) என்று பௌதிகம் படிப்பித்துவிட்டு இப்படிக் கேட்கலாமா?

வெள்ளவத்தையிலிருந்து

-----

மறு: மறு: "லாக்": ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

தம்பி,

இழுவையைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். பிந்தல், சுணக்கம் இரண்டுக்கும் என் சம்மதம். ஆனால் சென்னைக்காரருக்குச் சுணக்கம் என்றால் வேலையில் மந்தம் என்ற கருத்து முன்னே வரும், பத்திரிகையில் "பணிகளில் சுணக்கம்" என்று எழுதுவார்கள். "ஃபிரீக்குவென்சி"க்கு மீடிறனும் அதிர்வெண்ணும் போல இதுவும் கடலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாகப் போகவேண்டாம். அவர்களையும் ஒரு வார்த்தை கேளும்.

இன்னொன்று. "தாண்டிய சட்டகம்" சரியில்லை. தாண்டியது குறியாக்கி, சட்டகம் தாண்டவில்லை. "விடுபட்ட" என்று போடும்.

-----

மறு: மறு: மறு: "லாக்": ஒரு சொல்லா, மூன்று சொல்லா?

ஐயா,

விடுபட்ட என்றே திருத்திவிட்டேன். தவறிய, விடுபட்ட, கைவிட்ட. மூன்றும் பெயரெச்சமாக ஒரே வரிசையில் நிற்கின்றன, பார்க்கவும் வடிவாக இருக்கிறது. சுணக்கத்தைப் பற்றிச் சென்னை நண்பர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லட்டும்; மந்தம் என்ற கருத்து உறுத்தினால் "வழிச்சுணக்கம்" என்று நீட்டலாம்.

மருமகனிடம் பட்டியலைக் காட்டினேன். வரைவுப் பிந்தல் அவனுக்குச் சரியாம், நேற்றிரவு நேரலையிலேயே சொல்லிப் பார்த்திருக்கிறான். குறியாக்கப் பிந்தல்தான் நீளமாம், பெட்டிக்குள் பாதிக்கு மேல் வெட்டுப்படுகிறதாம். "குறிப்பிந்தல்" என்று சுருக்கலாமா? எனக்கு அதில் "குறிப்பு" என்று காதில் விழுகிறது. உங்களுக்கு?