ஜப்பான்ல அமெரிக்க சிப்பாய்ங்க எடுத்த கலர் போட்டோ – இவங்க டூட்டியே பார்க்கலையா?

பழைய_நெகட்டிவ்:
கொஞ்ச நாளா 1945-52ல, அதாவது ரெண்டாம் உலகப் போர்ல தோத்த ஜப்பானை அமெரிக்கா தலைமைல நேசப்படை ஆக்கிரமிச்சிருந்த கால போட்டோவா தேடித்தேடி பார்த்துட்டு இருக்கேன், சிப்பாய்ங்க சொந்தமா எடுத்த கோடாக்ரோம் (கோடாக் கம்பெனி கலர் ஃபிலிம்) ஸ்லைடு, கலர் இன்னும் அப்படியே இருக்கு. ஆனா எதை எடுத்தாலும் ஒருத்தன் ரிக்‌ஷால உக்காந்திருக்கான், இல்ல டோக்கியோ கடைவீதி கின்சால ஷாப்பிங், இல்ல கோயில் வாசல்ல கிமோனோ கட்டின பொண்ணோட போஸ். குண்டு போட்டு டோக்கியோ பாதி எரிஞ்சு கிடந்த நேரம்ங்க அது. இவங்க என்னடான்னா டூர் வந்த மாதிரி நிக்கிறாங்க??

லைட்மீட்டர்_மணி:
டூட்டி இருந்துச்சு பாஸ், ஆனா சென்ட்ரி நிக்கும்போதும் ஆபீஸ்ல டைப் அடிக்கும்போதும் எவன் கேமரா தூக்குவான், லீவு கிடைச்சா தான் படம். பெரிய சண்டைன்னு ஒண்ணும் இல்ல, ஜப்பான் ராணுவத்தையே கலைச்சாச்சு, அதனால முக்கால்வாசி பேருக்கு கிளார்க் வேலை, லாரி ஓட்டுறது, குடோன் காவல் இப்படித்தான். ஷாப்பிங் போட்டோல மணிக்கூண்டு வெச்ச கட்டடம் வருதா? அது கின்சா ஹட்டோரி கட்டடம், அதைத்தான் பிஎக்ஸ் ஆக்கினாங்க, நம்ம மிலிட்டரி கேண்டீன் மாதிரி. கேனான் கேமராவே பிஎக்ஸ்ல வித்துச்சு. அப்புறம் ஏன் இத்தனை போட்டோ இருக்காது! அந்தக் காலத்து நிக்கான்ல 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்'னு பொறிச்சிருக்கும், இப்ப அதுக்கு கலெக்டருங்க அடிச்சுக்கிறாங்க.

ஓரப்பார்வை:
நடுவுல நிக்கிறவன விடுங்க, பின்னாடி யாருன்னு பாருங்க. ஷூ பாலிஷ் போடுற பசங்க நிறைய வருவாங்க, அதுல எத்தனையோ பேர் போர்ல அப்பா அம்மாவ இழந்த பிள்ளைங்க, டோக்கியோ உவேனோ ரயில் ஸ்டேஷன்லயே படுத்துக் கிடந்தவங்க. ரயில் போட்டோ கிடைச்சா பெட்டியில வெள்ளைப் பட்டை இருக்கான்னு பாருங்க, அது நேசப்படைக்குன்னு ஒதுக்கினது, பக்கத்துப் பெட்டியில ஜப்பான் சனங்க ஜன்னல் வழியா ஏறுற அளவுக்கு நெரிசல். இன்னொண்ணு, கள்ளச்சந்தை பத்தியோ சிப்பாய்ங்க உள்ளூர் பொண்ணுங்களோட சுத்துறது பத்தியோ ஜப்பான் பத்திரிகை எதுவும் போடக்கூடாதுன்னு ஆக்கிரமிப்புக்கு தலைமை தாங்கின அமெரிக்க ஜெனரல் மெக்கார்தர் ஆபீஸ் சென்சார் வெச்சிருந்துச்சு. அவங்க வாயக் கட்டிட்டு இவங்க மட்டும் ஜாலியா கிளிக் பண்ணிருக்காங்க, எனக்கு அந்த ஆல்பத்தப் பார்த்தாலே கொஞ்சம் எரிச்சல் தான் வரும்.

பட்டாளத்தான்_பேரன்:
அமெரிக்கா மட்டும் இல்லைங்க, 1946-47ல நம்ம இந்தியப் படையும் ஒகயாமா பக்கம் இருந்துச்சு. பின்னாடி ராணுவத் தளபதியான திம்மய்யா தான் அங்க ஒரு பிரிகேடுக்கு தலைமை. ஜப்பான்காரன் விட்டுட்டுப் போன ஆயுதத்தத் தேடி அழிக்கிறது ஒரு முக்கிய வேலை. டோக்கியோல அரண்மனை காவலுக்கு கூர்க்கா நின்ன போட்டோ கூட இருக்கு. நான் பார்த்த வரைக்கும் அதெல்லாம் ராணுவ போட்டோகிராஃபர் எடுத்தது தான், பரேடு, பளபள பூட்ஸ், விறைப்பா ஒரு சல்யூட். நம்மாளு ரிக்‌ஷால ஹாயா உக்காந்த படம் ஒண்ணு கூட என் கண்ல படல.

பழைய_நெகட்டிவ்:
@ஓரப்பார்வை அந்த வெள்ளைப் பட்டை பெட்டி நான் சேவ் பண்ணதுலயே ரெண்டு இருக்கு, ஏதோ டிசைன்னு நினைச்சேன். கூர்க்கா போட்டோ யார்கிட்டயாவது பெரிய சைஸ்ல இருந்தா இங்க போடுங்கப்பா.