மறு: ரிடக்‌ஷனுக்குத் தமிழ், திங்களுக்குள் வேண்டும்

லாஸ்பேட்டையிலிருந்து:
வணக்கம். திங்கட்கிழமை கணினியியல் முதுகலை வகுப்பில் ரிச்சர்ட் கார்ப் 1972-ல் பட்டியலிட்ட 21 கடினமான கணக்குகளை எடுக்கிறேன், முழுக்க ரிடக்‌ஷன்தான். ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றி, முதலாவது கடினமென்றால் இரண்டாவதும் கடினம் என்று காட்டுவதைச் சொல்கிறேன். 'குறைத்தல்' என்றால் கணக்கு சின்னதாகிவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சாட் (SAT, ஒரு தருக்கக் கோவையை உண்மையாக்க முடியுமா என்ற கணக்கு) என்பதைக் கிளிக்காக (clique, வலையில் ஒன்றோடொன்று எல்லாமே இணைந்த இத்தனை முனைகள் உண்டா என்ற கணக்கு) மாற்றும்போது, கோவையில் வரும் ஒவ்வொரு லிட்டரலுக்கும் (மாறி அல்லது அதன் மறுப்பு) ஒரு முனை, ஒத்துப்போகும் சோடிகளுக்கெல்லாம் கோடு என்று பெருத்துத்தான் போகிறது! 'ஒடுக்கம்' வேதியியலில் போய் உட்கார்ந்துவிட்டது. அதைவிடத் தொல்லை திசை. சாட் கடினம் என்று ஸ்டீபன் குக் 1971-லேயே காட்டியாயிற்று, அதனால் கிளிக்கும் கடினம் என்று காட்டச் சாட்டிலிருந்து கிளிக்குக்குப் போக வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகப் போகிறார்கள். திசை தெரிகிற சொல் ஏதாவது?

கடலூரிலிருந்து:
ஆற்றுப்படுத்தல்! ஆறு என்றால் வழி. சாட் என்னும் பாணனைக் கிளிக் என்னும் வள்ளலிடம் அனுப்புகிறோம். வள்ளல் கொடுத்தால், அதாவது கிளிக்குக்கு விரைவான தீர்வு கிடைத்தால், பாணன் வறுமை தீரும். தீராத வறுமை என்றால் அப்படியொரு வள்ளலே கிடையாது. லத்தீன் மூலத்துக்கும் 'திரும்ப அழைத்துப்போதல்' என்றுதான் பொருள். சிறுபாணாற்றுப்படையின் வள்ளல் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் உங்கள் பக்கத்துத் திண்டிவனம்தானே தம்பி, வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமேதான் என்பது என் துணிபு, அதற்கு ஐந்து காரணங்கள் உண்டு...

வில்லியனூரிலிருந்து:
ஐயா, மரக்காணம் இருக்கட்டும். இலங்கைத் தமிழர் ஆற்றுப்படுத்தல் என்றால் மனநல ஆலோசனை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'பல்லுறுப்புக்கோவை நேர ஆற்றுப்படுத்தல்' (polynomial-time reduction) ஸ்லைடில் ஒரு வரிக்குள் அடங்குமா? 'மாற்றம்' போதும். அப்புறம், வள்ளல் உண்டு என்று நம்பித்தான் ஆற்றுப்படை பாடுவார்கள். நாம் பியும் (P, விரைவில் தீர்க்க முடிகிற கணக்குகள்) என்பியும் (NP, விடையை விரைவில் சரிபார்க்க முடிகிறவை) ஒன்றல்ல என்று வைத்துக்கொண்டு, வள்ளல் இல்லை என்று பாடுகிறோம். அது கையறுநிலை இல்லையா?

கடலூரிலிருந்து:
கையறுநிலை இறந்த வள்ளலுக்கு. பிறக்காதவனுக்கு அல்ல. மாற்றம் என்றால் எதுவும் எதுவாகவும் மாறும், அதில் திசை எங்கே இருக்கிறது?

நெல்லித்தோப்பிலிருந்து:
மாற்றம் என்றே போட்டு, பக்கத்தில் அம்புக்குறி வரையுங்கள். என் மாணவர்களுக்கு அதுதான் புரிகிறது.

லாஸ்பேட்டையிலிருந்து:
சரி, நேரமில்லை. ஸ்லைடில் 'மாற்றம்', வாயில் ரிடக்‌ஷன். அம்புக்குறியும் உண்டு.

கடலூரிலிருந்து:
மாற்றமாம்! அடைப்புக்குறிக்குள்ளாவது ஆற்றுப்படுத்தல் என்று போடுங்கள் தம்பி.