இலவசமாகக் கொடுத்தவருக்கும் கடமை உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய கோப்புகளை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன நிரல் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருந்தேன். எம்ஐடி லைசென்ஸ், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். எந்த உத்தரவாதமும் கிடையாது என்று அதிலேயே இருக்கிறது. ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு ஓர் அச்சகக்காரரிடமிருந்து மெயில்: "கொம்பெல்லாம் தனியா நிக்குது சார், காலையில புக்கு பிரிண்டுக்குப் போகணும், உடனே சரி பண்ணுங்க." கடன்காரனிடம் பேசுகிற தொனி. கோபத்தில் இரண்டு நாள் பதிலே போடவில்லை.

பிறகுதான் உறைத்தது. பாமினியில் கொம்பை முதலில் அடிக்கிறோம், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. வரி உடையும் இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் விழுந்தால் என் நிரல் சொதப்பும். இது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். நிரலோடு வைக்கும் குறிப்புக் கோப்பான ரீட்மீயில் ஒரு வரி எழுதி வைக்கவில்லை.

---

நான் எதிர்ப்பக்கம். 2021 டிசம்பர், பல நிறுவனங்கள் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற இலவச நிரலின் பாதுகாப்பு ஓட்டை வெளியான வெள்ளிக்கிழமை. அதற்கு ஒரு பைசா கொடுக்காத எங்கள் நிறுவனம், "எப்போது சரியாகும் என்று கேட்டு மெயில் போடு" என்றது. போட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர்கள் தன்னார்வலர்கள். பத்து நாளுக்குள் 2.15, 2.16, 2.17 என்று திருத்திய பதிப்புகளை அடுத்தடுத்து வெளியிட்டார்கள். அந்த மெயிலை நினைத்தால் இன்னும் கூச்சமாக இருக்கிறது.

---

முதல் பதிவருக்கு: ரொம்ப நொந்துகொள்ளாதீர்கள். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற இலவச நிரலின் கதையைப் பாருங்கள். அதைத் தனியாளாகப் பராமரித்த லாஸ்ஸே காலின், மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-லேயே வெளிப்படையாகச் சொன்னார். அப்படியும் சில கணக்குகள் "ஏன் தாமதம், வேறு ஆளிடம் கொடு" என்று நச்சரித்தன. போலிக் கணக்குகள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உதவிக்கு வந்த 'ஜியா டான்' என்ற பெயர்க்காரர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைத்தது 2024 மார்ச்சில் அம்பலமானது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கவனித்ததால் தப்பித்தோம். அவசரப்படுத்துவதும் ஓர் ஆயுதம்தான்.

---

சரிதான், ஆனால் காலின் தன் நிலையைச் சொல்லிவிட்டார். நான் சொல்லவில்லையே.

இப்போது ரீட்மீயின் முதல் வரி: "வரி உடையும் இடத்தில் கொம்பு தவறும்; நேரம் கிடைத்தால்தான் பார்ப்பேன்." அச்சகக்காரருக்கும் எழுதினேன். புத்தகத்தைக் கையாலேயே திருத்தினாராம். சோதித்துப் பார்க்க நாற்பது பக்கக் கோப்பு அனுப்பியிருக்கிறார். இன்னும் திறக்கவில்லை.